கழித்த தாள்கள்

மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் எப்போதும் இரண்டு கட்டுகள் கிடக்கும். இரண்டுமே வேஸ்ட் தாள்தான். ஒன்று திறந்தபடி கிடக்கும். பட்டாசு லேபிள், ஊறுகாய் லேபிள், சினிமாப் படம் எல்லாம் அதில் விழும். இன்னொன்றின் மேல் ஒரு வெள்ளைத் தாள் போர்த்தி, நாலு மூலையிலும் சின்னக் கல் வைத்திருப்பார்கள். 1961-ல் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில், அதாவது படத்தைக் கல்லிலோ தகட்டிலோ ஏற்றி அதிலிருந்து தாளில் அடிக்கிற அச்சகத்தில், பையனாகச் சேர்ந்தேன். இந்த இரண்டு கட்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

"சாமி, தலைவர், கொடி, இது மூணும் அந்தப் பக்கம்லே. மத்ததெல்லாம் இந்தப் பக்கம். பாதி மூஞ்சி இருந்தாலும் அந்தப் பக்கம்தான்" என்றார் வாத்தியார். படப்பிரிவுக்குத் தலைமையாக இருந்த லித்தோ ஆர்ட்டிஸ்ட் அவர். அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான், முதலாளி உட்பட.

நான் நாற்பது வருஷத்துக்கும் மேல் அந்தத் தொழிலில் இருந்தேன். லட்சக்கணக்கான தாள் என் கண் முன்னால் நல்லபடியாக அச்சாகிப் போயிருக்கிறது. இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் போன தாளைவிடக் கழித்த தாள்தான் அதிகம் ஞாபகம் வருகிறது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு தாள் எப்படி வேஸ்ட் ஆகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்களிடம் இருந்தது ஒற்றைக் கலர் மெஷின். நாலு கலர் படம் என்றால் ஒரே தாள் நாலு தடவை உள்ளே போய் வரவேண்டும். முதலில் மஞ்சள். மஞ்சள் மட்டும் ஏறிய தாளில் புதிதாக வந்தவனுக்கு ஒன்றும் பிடிபடாது. வெயிலில் பார்க்கிற மாதிரி மங்கலாக ஒரு உருவம் நிற்கும். சிவப்பு ஏறியதும் உடம்பும் பட்டும் தெரியும். நீலம் ஏறியதும் மயிலும் வானமும் வந்துவிடும். கடைசியில்தான் கறுப்பு. புருவம், இமை, கருவிழி எல்லாம் கறுப்பில்தான் இருக்கும். "கறுப்பு ஏறினாத்தான் கண் திறக்கும்" என்பார் வாத்தியார். கோயிலில் சிலைக்குக் கண் திறக்கிறவர் குளித்து விரதமிருந்து வருவது போல, கறுப்பு ஓட்டுகிற அன்றைக்கு அவரும் குளித்துத் திருநீறு பூசி வந்து முதல் தாளைக் கையில் எடுப்பார். ஓடப்போவது நேருவின் படமாக இருந்தாலும் அதே திருநீறுதான், அதே நிதானம்தான்.

இந்த நாலும் மயிரிழை விலகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவேண்டும். அதை ரிஜிஸ்டர் என்போம். தாளின் ஓரங்களில் சின்னதாகக் கூட்டல் குறி போட்டிருக்கும். நாலு கலர் கூட்டலும் ஒரே கூட்டலாகத் தெரிந்தால் சரி. விலகினால் சாமிக்கு உதடு இரண்டாகும், கண் கன்னத்துக்கு இறங்கும். சிவகாசி வறண்ட ஊர். அந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றது, மை காய்வதற்கும் நல்லது. ஆனால் காலண்டர் வேலையின் உச்சம் ஐப்பசி, கார்த்திகையில் வரும். வருஷம் முழுக்கப் பெய்யாத மழை அப்போதுதான் பெய்யும். தாள் ஈரத்தைக் குடித்து நீளும். முதல் நாள் மஞ்சள் ஓட்டிய தாள் மறுநாள் சிவப்புக்கு வரும்போது அதே அளவில் இருக்காது. அதனால் அந்த இரண்டு மாதமும் வெள்ளைத் தாள் போர்த்திய கட்டு என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிடும்.

சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்த வழி பலருக்கும் தெரிந்ததுதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அப்புறம் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளை வெளியூரில் அச்சடித்து வரவழைப்பதைவிட இங்கேயே அடிக்கலாம் என்று அச்சகங்கள் வந்தன. லேபிள் அடித்த கை காலண்டருக்கும் பூஜையறைப் படத்துக்கும் போனது.

படம் வரைய ஆளும் பக்கத்திலேயே இருந்தார். கோவில்பட்டியில் கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும்தான் தென்னாட்டில் பாதி வீடுகளின் சுவரில் இருந்தார்கள். நாடகத் திரை எழுதிய கை என்பது அந்தப் படங்களைப் பார்த்தாலே தெரியும். பின்னால் தூண், திரை, தூரத்தில் மலை, நடுவில் சாமி நம்மை நேராகப் பார்த்தபடி. அந்த நேர்ப் பார்வை முக்கியம். வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்களைச் சாமி பார்க்கவேண்டும். தலைவர்களை எழுத வந்தபோதும் எங்கள் ஆர்ட்டிஸ்டுகளுக்குக் கை அந்த வழியில்தான் போனது. எங்கள் பக்கத்துத் தலைவர்களான பாரதியையும் வ.உ.சி.யையும் கட்டபொம்மனையும் நேராகத்தான் பார்க்க வைத்தார்கள். பாரத மாதா கையில் வேலுக்குப் பதில் கொடி, பின்னால் மயிலுக்குப் பதில் சிங்கம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடியரசாகிப் பத்து வருஷம் ஆன நாடு. அதற்கு எந்த முகம் என்று கேட்டால், ஜனங்களுக்குத் தெரிந்த மரியாதையான முகம் சாமி முகம்தான். அதையே கொடுத்தோம்.

காலண்டர் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டுவதில்லை. பெரிய தாளில் நாலு படமோ எட்டுப் படமோ சேர்த்துப் போட்டு ஓட்டி, அப்புறம் வெட்டுவோம். ஒரே தாளில் மேலே லட்சுமி, அதற்குக் கீழே காந்தி. பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, அதற்குக் கீழே பழனி முருகன். தாள் மெஷினுக்குள் போகிற திசையில் ஒரே வரிசையில் வருகிற படங்களுக்கு மையும் ஒன்றாகத்தான் விழும். லட்சுமியின் புடவை நன்றாகச் சிவக்கவேண்டுமென்று அந்தப் பக்கம் சிவப்பைத் திறந்தால் கீழே காந்தியின் கன்னமும் நெஞ்சும் சிவந்துவிடும். காந்திக்காகக் குறைத்தால் லட்சுமி வெளிறிப்போவாள். இந்த இழுபறியில் எத்தனை ராத்திரி போயிருக்கிறது! கடைசியில் வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். தாளில் படங்களை அடுக்கும்போதே யார் யாருக்குக் கீழே வரவேண்டும் என்று யோசித்து வைப்பார். மாதாவின் நீல அங்கியும் கண்ணனும் ஒரே வரிசை. பட்டுப்புடவை அம்மன்களெல்லாம் ஒரே வரிசை. காந்திக்குக் கீழே ரமணர். இரண்டு பேருக்கும் வெறும் உடம்பு, வெள்ளைத் துணி. "இவங்க ரெண்டு பேருக்கும் மை கம்மியாத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே பென்சிலால் கட்டம் போடுவார்.

மெக்கா, மதினா படங்களும் அடித்தோம். அதில் முகம் கிடையாது, எழுத்துதான் படம். எங்களில் ஒருவருக்கும் அரபி தெரியாது. ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் எழுத்தே மாறிவிடும் என்று மட்டும் தெரியும். லித்தோவில் புள்ளி என்பது சாதாரண விஷயம். தூசி விழுந்தாலே புள்ளி. அதனால் அந்த வேலைக்கு மட்டும் பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள். அவர் கால் கழுவிவிட்டு வந்து, புரூஃபை, அதாவது சரிபார்க்க முதலில் அடிக்கிற மாதிரித் தாளை, கையில் வாங்காமல் மேஜையில் விரித்து வைக்கச் சொல்லி, விரல் படாமல் எழுத்தெழுத்தாக வாசிப்பார். அவர் வேண்டாம் என்று தள்ளுகிற தாள் எதில் போகும் என்று நான் கேட்கவே தேவையில்லை. வாத்தியார் தானே எடுத்துக்கொண்டுபோய்ப் போர்த்திய கட்டுக்குள் வைப்பார்.

அடுத்தது உல்டா. நெகட்டிவை முகம் மாற்றி வைத்துப் பிளேட், அதாவது அச்சுத் தகடு, எடுத்துவிட்டால் படம் இடம் வலமாக மாறிவிடும். எழுத்து இருந்தால் உடனே தெரியும், படம் மட்டும் என்றால் சட்டென்று தெரியாது. கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம். நான் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு பிள்ளையார் படம் புரூஃப் வந்தது. எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றோம். வாத்தியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தும்பிக்கை எந்தப் பக்கம் வளையுது?" என்றார். இடம்புரியாக எழுதிய பிள்ளையார் வலம்புரியாகியிருந்தார். வலம்புரிப் பிள்ளையாருக்குப் பூஜை முறை கண்டிப்பானது என்று நம்புகிறவர்கள் உண்டு. "வாங்கிட்டுப் போற வீட்டுக்கு நாம பயத்தையா விக்கிறோம்?" என்று கேட்டார். அப்புறம் பூணூலைக் காட்டினார். இடது தோளில் இருக்கவேண்டியது வலது தோளில் கிடந்தது. "இது திதி கொடுக்கிறப்போ போடுற விதம்லே. மங்கள காரியத்துக்கு மாட்டுற படத்துல இப்படி வரலாமா?"

தலைவர்கள் படத்தில் அதே சோதனைக்குச் சட்டைப் பொத்தான். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். நேருவின் சட்டையில் வலப்பக்கம் மேலே வந்திருந்தால் உல்டா. கொடியைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கம் பறந்தாலும் அது கொடிதான், இரண்டு பக்கமும் சக்கரம் ஒன்றுதான்.

1964 மே 27-ல் நேரு இறந்தார். எங்கள் ஊரில் ஆடி 18 அன்று பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் எடுக்கப் புறப்படுவார்கள். ஆக, எங்களுக்கு இரண்டே மாதம்தான் இருந்தது. ரோஜாவோடு நேரு, புறாவோடு நேரு, குழந்தைகளோடு நேரு என்று படப்பிரிவில் ராத்திரி விளக்கு அணையவே இல்லை. அழுதுகொண்டே வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். எங்கள் விருதுநகர்க்காரர் காமராஜர்தான் அப்போது காங்கிரஸ் தலைவர். அடுத்த பிரதமர் யார் என்ற பேச்சில் அவர் பேர் தினமும் பத்திரிகையில் வந்தது. அதனால் டெல்லியில் நடப்பது எங்கள் பக்கத்துத் தெருவில் நடப்பது போல இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் பாகிஸ்தானுடன் சண்டை. 'ஜெய் ஜவான் ஜெய் கிசான்' என்று சாஸ்திரி சொன்னதை வைத்து ஒரு பக்கம் துப்பாக்கி, ஒரு பக்கம் ஏர், நடுவில் சாஸ்திரி என்று 1966 காலண்டருக்கு அடித்தோம். ஜனவரி 11-ல் அவர் தாஷ்கண்டில் இறந்துவிட்டார். காலண்டரில் பத்துத் தாள்தான் கிழித்திருந்தார்கள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் டீக்கடையில் பார்த்தேன். நாங்கள் அடித்த அதே படம். நெற்றியில் குங்குமம் வைத்து, ஆணியிலிருந்து சாமந்திச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் முருகனுக்கு வைத்த ஊதுவத்தியிலேயே இரண்டைப் பிரித்து இவருக்கும் வைத்திருந்தார்கள். என் கையில் மை கழுவிய மண்ணெண்ணெய் வாசனை போகாமல் இருந்தது. அந்தப் படத்தில் ஏரின் நிழலுக்குப் புள்ளி வைத்தது நான். அதுவரைக்கும் நாங்கள் அடித்து அனுப்புவது எங்கே போய்ச் சேர்கிறது என்று எனக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை.

தலைவர் படத்துக்குச் சட்டமும் உண்டு. தேசியச் சின்னங்களையும் சில பெயர்களையும் வியாபாரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950-லேயே ஒரு சட்டம் வந்தது. காந்தி படத்தைக் காலண்டரில் போடலாம். ஆனால் காலண்டரைத் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும்தான் அதில் இருக்கலாம், சரக்கு விளம்பரம் கூடாது. காலண்டர் தொழிலே கீழே கடைக்காரர் பெயர் போடுவதில்தான் நடக்கிறது. அதனால் இதில் தகராறு வராத வருஷம் கிடையாது. 1969-ல் காந்தி நூற்றாண்டு. ஒரு பீடி வியாபாரி வந்து காந்தி படத்துக்குக் கீழே அவர் பீடியின் பெயர் வேண்டும் என்றார். பெரிய ஆர்டர். முதலாளி சட்டத்தைச் சொன்னார். "யாரு அண்ணாச்சி வந்து பாக்கப்போறா?" என்றார் வந்தவர். உள்ளேயிருந்து வாத்தியார் வந்து, சத்தம் போடாமல், "அவர் பீடி குடிக்க மாட்டாருங்க. முருகன் படத்துல போட்டுத் தர்றேன்" என்றார். அவர் அதை வாங்கிக்கொள்ளாமலேயே போய்விட்டார். அந்த வருஷம் தீபாவளி போனஸ் குறைந்தது. யாரும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். 1972 ஆகஸ்டில் சுதந்திர வெள்ளி விழா. பள்ளிக்கூடங்களுக்குக் காகிதக் கொடி நிறைய அடித்தோம். அப்போது நானும் ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டேன். கொடி வேலை பார்க்கச் சுலபம் போலத் தெரியும், உண்மையில் அதுதான் கஷ்டம். சாமி படத்தில் நிறம் கொஞ்சம் கூடினால் அழகு என்று போய்விடும். கொடியில் காவிக்கு மஞ்சள் குறைந்தால் சிவப்பாகிவிடும், கூடினால் எலுமிச்சை. அதனால் காவியை நாலு கலரில் விடாமல் தனியாக மை கலந்து ஓட்டுவோம். இரண்டு பக்கமும் அடிக்கவேண்டும் என்பதால், வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கச் சக்கரமும் பின்பக்கச் சக்கரமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கணும். சக்கரத்துக்கு ஆரம் 24. 15 டிகிரிக்கு ஒன்று என்று காம்பஸ் வைத்துப் பெரிதாக வரைந்து, கேமராவில் சின்னதாக்குவோம். சின்னதாக்கினால் நடுவில் ஆரங்கள் மையால் அடைத்துக்கொள்ளும், அதைப் பிளேட்டில் திறந்துவிட வேண்டும்.

அப்படித் திறந்துவிடும்போதுதான் ஒரு ஆரத்தைச் சேர்த்து எடுத்துவிட்டேன். புரூஃபில் 24 இருந்தது. வாத்தியார் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணிக் கையெழுத்துப் போட்ட புரூஃப் அது. பிளேட்டைத் திருத்தியது அதற்கு அப்புறம். ஐயாயிரம் தாள் ஓடி முடிந்து, ஒன்றை எடுத்துப் பழக்கத்தில் எண்ணினார். மறுபடி எண்ணினார். என்னைக் கூப்பிட்டு, "நீ எண்ணு" என்றார். 23.

முதலாளிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். ஒரு தாளில் எத்தனை கொடி, ஐயாயிரம் தாளில் எத்தனை கொடி, ஆகஸ்ட் 15-க்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அரை அங்குலச் சக்கரம். எந்தப் பிள்ளை இதை எண்ணப்போகுது?" வாத்தியார் சொன்னார்: "ஏதாவது ஒரு பிள்ளை எண்ணும். வாத்தியார் வகுப்புல 24-ன்னு சொல்லிருப்பார், அது எண்ணிப் பாக்கும். நம்ம கொடியில 23 இருக்கும். அந்தப் பிள்ளை யாரை நம்பணும்?"

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "புதுசா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் சம்பளத்தில் கைவைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும்.

ஐயாயிரம் தாளும் போர்த்திய கட்டுக்கு வந்தன. அந்தக் கட்டு கடைசியில் என்ன ஆகும் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. மற்ற வேஸ்ட் வழக்கம்போல எடைக்குப் போகும். சாமியும் தலைவர்களும் இருக்கிற தாளை வருஷக் கடைசியில் பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போட்டு, கூழான பிறகுதான் அட்டை செய்கிறவர்களுக்குக் கொடுப்போம். பிள்ளையாரைத் தண்ணீரில் கரைக்கிற மாதிரிதான். தலைவர்களையும் ஏன் தண்ணீரில் போடுகிறோம் என்று ஒருமுறை கேட்டேன். "காந்தி சாம்பலைக் கன்னியாகுமரிக் கடல்ல கரைச்சப்போ நான் போயிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். 1948 பிப்ரவரியில் நடந்தது அது. கலசம் வைத்திருந்த இடத்தில் இன்றைக்கு மண்டபம் இருக்கிறது.

கொடியை மட்டும் அவர் தண்ணீரில் போடமாட்டார். அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு என்னை இருக்கச் சொன்னார். பின்கட்டில் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தோம். தாளைக் கசக்காமல், மடக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எரித்தோம். பட்டாசு ஊர், நெருப்பு என்றால் எல்லாருக்கும் பயம். இரண்டு பக்கமும் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கடைசித் தாள் சாம்பலாகிற வரை நின்றுகொண்டே இருந்தோம். மை எரிகிற புகை கண்ணைக் கரித்தது. அவர் உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. வீட்டுக்குப் போகும்போது விடிந்துவிட்டது.

பல வருஷம் கழித்து, 2002-ல் இந்தியக் கொடி விதித் தொகுப்பு வந்தபோது படித்துப் பார்த்தேன். சேதமான கொடியைத் தனிமையில், முழுமையாக, முடிந்தால் எரித்து, அதன் கௌரவத்துக்குக் குறைவில்லாமல் அழிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. காகிதக் கொடியை விழா முடிந்ததும் தரையில் எறியக்கூடாது என்றும் இருக்கிறது. வாத்தியார் எந்த விதியையும் படித்து அன்றைக்கு அப்படிச் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எப்போதும் இப்படியே நடந்தது என்றும் சொல்லமாட்டேன். காகிதம் கிடைக்காமல் விலை ஏறிக்கிடந்த ஒரு சமயம், புதிதாக வந்த கணக்கர் இரண்டு கட்டையும் சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டார். அவருக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் யாரும் சொல்லிவைக்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்து நானும் வாத்தியாரும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். வறுகடலை வாங்கினார். பொட்டலத்தைப் பிரிக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சளும் சிவப்பும் மட்டும் ஏறிய முருகன். கறுப்பு ஏறாததால் கண் இல்லை. கடலையை என் கையில் கொட்டிவிட்டு, தாளை வேட்டியில் துடைத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊர் போய்ச் சேர்கிற வரை பேசவில்லை. மறுநாள் அந்தத் தாளை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்து வேலையில் உட்கார்ந்தார். அன்றையிலிருந்து போர்த்திய கட்டு இருக்கிற அறைக்குப் பூட்டு வந்தது. சாவி என்னிடம் இருந்தது.

லட்சுமி படம் போட்ட வெடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெடித்துச் சிதறி, மிதிபடப்போகிற காகிதத்தில் தெய்வத்தை அடிப்பது எனக்குக் கடைசி வரை சம்மதமாகவில்லை. கூலிக்கு அடித்துக் கொடுத்தேன், சம்மதமில்லாமல்தான் அடித்தேன். பிற்காலத்தில் பலரும் அதை எதிர்த்துப் பேச ஆரம்பித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நூலகத்தில் நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியின் நகலைப் பார்த்தேன். பிரேம் பிஹாரி நாராயண் ரைஜாதா கையால் எழுதியது. நந்தலால் போஸும் சாந்திநிகேதன் ஓவியர்களும் பக்கங்களுக்குப் படம் எழுதியிருக்கிறார்கள். டேராடூனில் இந்திய நில அளவைத் துறை அச்சகத்தில் போட்டோ லித்தோ முறையில் ஆயிரம் படி எடுத்தார்கள். லித்தோ என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். அடிப்படை உரிமைகள் பகுதிக்கு மேலே ராமரும் சீதையும் லட்சுமணரும். இன்னொரு பகுதியில் அர்ஜுனனுக்குக் கண்ணன் சொல்கிறார். நடராஜர் இருக்கிறார், மகாபலிபுரத்துச் சிற்பம் இருக்கிறது, புத்தர், அக்பர், தண்டிக்கு நடக்கிற காந்தி, ராணுவ உடையில் நேதாஜி. எங்கள் பெரிய தாளில் நாங்கள் ஒன்றாக அடுக்கி ஓட்டிய அதே ஆட்கள். அந்த ஆயிரம் படிக்கு டேராடூனிலும் தாள் கழிந்திருக்கும். மை கூடியது, விலகியது, கறை பட்டது. அதையெல்லாம் அங்கே ஒருவர் எதில் போர்த்தி வைத்தார், என்ன செய்தார் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். நூலகர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்கிற வரை புரட்டிக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் இப்போது இல்லை. மெஷின் எல்லாம் மாறிவிட்டது. நாலு கலரும் ஒரே ஓட்டத்தில் ஏறி, தாள் வெளியே வரும்போதே கண் திறந்து வருகிறது. உல்டாவைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு பழைய பலசரக்குக் கடையை இடித்துக் கட்டுகிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன். உள்சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தேதித் தாள் எல்லாம் போய், படமும் மேல் தகடும் மட்டும் மிச்சம். கொடி பிடித்த பாரத மாதா. எதிர் ஜன்னல் வெயில் வருஷக்கணக்கில் அதில் விழுந்திருக்கிறது. வெயிலுக்கு முதலில் போவது மஞ்சளும் சிவப்பும், நீலமும் கறுப்பும் தாங்கும். அதனால் புடவை நீலமாகிவிட்டது, சிங்கம் சாம்பல் நிறம். கொடியில் காவி இருந்த இடம் கிட்டத்தட்ட வெள்ளை, பச்சை இருந்த இடம் நீலம். சக்கரம் மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பையில் இருந்த பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். கடைக்காரப் பையன், "என்ன தாத்தா பண்றீங்க?" என்றான். இரு என்று கை காட்டிவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். 24.

"இதை எடுத்துக்கவா?" என்று கேட்டேன். "குப்பையிலதான் போடப்போறோம், எடுத்துக்கோங்க" என்றான். மடிக்காமல் சுருட்டி, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவின் மேல் ஒரு வெள்ளைத் தாள் போர்த்தி வைத்திருக்கிறேன்.